இரண்டு சொல்லைச் சேர்க்கும் சிறு கோடு: ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகள்

சேலத்தில் ‘பழைய பஸ் ஸ்டாண்ட்’ என்றால் அங்கே பழைய பஸ்கள் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பழையது பஸ் இல்லை, ஸ்டாண்ட்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் தெரியாத ஒருவரிடம் ‘ஓல்ட் பஸ் ஸ்டாண்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், அந்த மூன்று சொல்லையும் இரண்டு விதமாகச் சேர்த்துப் படிக்க இடமிருக்கிறது. ‘ஓல்ட்’ ஸ்டாண்டைச் சொல்கிறதா, பஸ்ஸைச் சொல்கிறதா? ‘பஸ் ஸ்டாண்ட்’ என்பது நாள்பட்ட ஜோடி என்பதால் பெரும்பாலானோர் சரியாகவே படித்துவிடுவார்கள். நிஜமாகவே பழைய பஸ்களை நிறுத்திவைக்கும் இடம் ஒன்று இருந்தால் அதை ‘ஓல்ட்-பஸ் ஸ்டாண்ட்’ என்று எழுத வேண்டும். நடுவில் ஒரு சிறு கோடு விழுந்ததும் ‘ஓல்ட்’ பஸ்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே அடைமொழியாகி ஸ்டாண்டுக்கு முன்னால் நிற்கின்றன.

அந்தச் சிறு கோட்டுக்குப் பெயர் ஹைஃபன். இப்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் ஒன்றாகக் கூடி, ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே பெயரடை போல வேலை செய்தால் அது கூட்டுப் பெயரடை. ஆங்கிலத்தில் காம்பவுண்ட் அட்ஜெக்டிவ் என்பார்கள். அச்சகத்தில் ஆங்கில ப்ரூஃப் பார்ப்பது என் வேலை. ஏற்காட்டு விடுதிகளின் பிரவுச்சர், ஜவ்வரிசி மூட்டைக்கான லேபிள், வெள்ளிக் கொலுசுக் கடையின் விலைப்பட்டியல் என்று எது வந்தாலும் இந்தக் கோடு இல்லாத குறை அதில் எங்காவது இருக்கும். எழுத்துப் பிழையைக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. இதைப் பல நேரம் அது கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சரிதான். பொருள் மட்டும் மாறிப்போகிறது.

முதலில் இரண்டு சொல் சேர்ந்து நிற்கிறதா, தனித்தனியே நிற்கிறதா என்று கண்டுபிடிக்கப் பழக வேண்டும். 2018இல் சென்னை, சேலம் எட்டு வழிச் சாலை பற்றிய பேச்சு எழுந்தபோது ஆங்கிலச் செய்திகளில் ‘எய்ட்-லேன்’ என்று அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ‘ஆன் எய்ட்-லேன் ரோடு’. இதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘எய்ட் ரோடு’ என்றால் எட்டு சாலை போல ஆகிவிடும். ‘லேன் ரோடு’ என்றால் ஒன்றும் புரியாது. தனியாக நிற்க முடியாத இரண்டு சொல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, ஆகவே கோடு வேண்டும். இதற்கு மாறாக ‘எ பிக் ரெட் பஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிக் பஸ்’ என்றாலும் சரி, ‘ரெட் பஸ்’ என்றாலும் சரி. பெரியதும் பஸ்தான், சிவப்பும் பஸ்தான். இரண்டு பெயரடையும் நேராகப் பஸ்ஸிடமே போகின்றன, தங்களுக்குள் ஒட்டு உறவில்லை. அங்கே கோடு போட்டால் தப்பு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. ‘எட்டு வழிச் சாலை’ என்று எழுதும்போது நடுவில் ஒரு ‘ச்’ போடுகிறோம். சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்பில் இருப்பதை ‘ஈரடுக்கு மேம்பாலம்’ என்கிறோம். இரண்டு, அடுக்கு என்பவை ஒரே சொல்லாகக் கலந்தேவிட்டன. ‘வேலை கொடு’ என்றால் ஒருவருக்குப் பிழைப்பு கேட்கிறோம், ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். ஒரு ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒற்று மிகாது, சொற்கள் புணர்ந்து உருமாறாது. அதற்கு இருப்பதெல்லாம் சொல் வரிசையும் இடைவெளியும்தான். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதை அவை காட்டாத இடத்தில் ஹைஃபன் வந்து காட்டுகிறது. ஒற்றுப் பிழைக்குக் கவலைப்படுகிறவர் ஹைஃபனுக்கும் கவலைப்பட வேண்டும். இரண்டும் வாசகர் தடுக்கி விழாமல் படிப்பதற்காகத்தான்.

எண்ணோடு சேர்ந்து வரும் கூட்டுப் பெயரடைகளில்தான் நம் ஊரில் அதிகம் தடுமாறுகிறோம். ‘டென் ருப்பீஸ் நோட்’ என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! சரியான வடிவம் ‘எ டென்-ருப்பீ நோட்’. கோடு உண்டு, கடைசியில் ‘ஸ்’ கிடையாது. தமிழில் நாம் ‘பத்து ரூபாய் நோட்டு’ என்றுதான் சொல்கிறோம், ‘பத்து ரூபாய்கள் நோட்டு’ என்று சொல்வதே இல்லை. ‘ஐந்து வயதுக் குழந்தை’, ‘மூன்று நாள் பயணம்’, ‘இரண்டு மாடி வீடு’ எல்லாவற்றிலும் ஒருமைதான். ஆங்கிலமும் அப்படியே: ‘எ ஃபைவ்-இயர்-ஓல்ட் சைல்டு’, ‘எ த்ரீ-டே ட்ரிப்’. ஆங்கிலம் என்றதும் ‘ஒன்றுக்கு மேல் என்றால் ஸ் சேர்’ என்று பள்ளியில் படித்த விதி முந்திக்கொண்டு வருகிறது. இந்த ஒரு இடத்தில் அதை ஒதுக்கிவிட்டு, தமிழ்க் காதை நம்பினால் போதும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால்தான் இப்படி. பின்னால் வந்தால் பன்மை திரும்பி வந்துவிடும், கோடும் போய்விடும். ‘த சைல்டு இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்’. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அதை ‘த 120-ஃபுட் லெவல்’ என்று எழுதலாம், ‘த லெவல் இஸ் 120 ஃபீட்’ என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் ‘ஃபுட்’, இரண்டாவதில் ‘ஃபீட்’. ஒரே அளவுதான், இருக்கும் இடம் வேறு.

ஏன் ஒருமை? ஒரு பெயர்ச்சொல் இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடையாக நிற்கும்போது அது ஒருமையில் நிற்பதே ஆங்கிலத்தின் பொதுவான வழக்கம். செருப்புக் கடையில் எத்தனை ஜோடி இருந்தாலும் ‘ஷூ ஷாப்’, மரத்தில் எத்தனை காய் தொங்கினாலும் ‘மேங்கோ ட்ரீ’. அளவுச் சொற்களுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. இத்தனை அடி என்று சொல்லும்போது அடி என்ற சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வரும். அதன் கடைசியில் ஒரு உயிரெழுத்து ஒலித்தது. காலப்போக்கில் அந்த ஒலி தேய்ந்து உதிர்ந்தது, மிஞ்சியது ‘ஃபுட்’. இன்று ஒருமை போலத் தெரிவது உருபு உதிர்ந்த பழைய பன்மை. மொழி வரலாற்றில் இது எனக்கு மிகப் பிடித்த ஒரு மூலை.

விடுப்புக் கடிதம் மட்டும் கொஞ்சம் வேறு. ‘டூ டேஸ் லீவ்’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அங்கே சரியானது ஹைஃபன் இல்லை, ‘டேஸ்’ என்ற சொல்லின் முடிவில் மேலே போடும் காற்புள்ளி, அதாவது அப்பாஸ்ட்ரஃபி. இரண்டு நாளின் விடுப்பு என்று பொருள். ‘டூ-டே லீவ்’ என்று எழுதுவதும் உண்டு, ஆனால் கடிதத்தில் முதல் வடிவமே இயல்பாக இருக்கும். ‘ட்ரிப்’ போல எண்ணக்கூடிய சொல் வந்தால் ‘எ டூ-டே ட்ரிப்’ என்று கோடு போட்டு எழுதுங்கள்.

இப்போது கோடு இல்லாததால் பணமும் நேரமும் வீணாகும் ஒரு இடத்தைப் பார்ப்போம். ஏற்காட்டு விடுதி ஒன்றின் பிரவுச்சரில் இந்த வரி இருந்தது: ‘ஃபோர் பெட்ரூம் காட்டேஜஸ் அவைலபிள்’. நான்கு காட்டேஜ் இருக்கிறதா, அல்லது நான்கு படுக்கையறை கொண்ட காட்டேஜ்கள் இருக்கின்றனவா? உரிமையாளர் மனதில் இருந்தது தனித்தனியான நான்கு சிறு வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படுக்கையறை. ஆனால் தாத்தா பாட்டியோடு சேர்த்து பத்துப் பேராக மலையேறி வர நினைக்கும் குடும்பம், ‘ஒரு காட்டேஜ் எடுத்தால் நாலு ரூம் இருக்கும், எல்லோரும் படுத்துக்கலாம்’ என்றுதான் படிக்கும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில், இரவு வந்து இறங்கிய பிறகு ஒரே அறை என்று தெரிந்தால் வேறு இடம் தேடுவது லேசில்லை.

அந்த வரியை ‘ஃபோர் ஒன்-பெட்ரூம் காட்டேஜஸ்’ என்று மாற்றினால் சந்தேகம் போய்விடுகிறது. நான்கு காட்டேஜ், ஒவ்வொன்றும் ஒரு படுக்கையறை. கோடு ‘ஒன்’ என்பதைப் ‘பெட்ரூம்’ உடன் கட்டிவிட்டதால், ‘ஃபோர்’ வேறு வழியின்றிக் காட்டேஜிடம் போய்ச் சேர்கிறது. குடும்பம் நினைத்ததே உண்மையாக இருந்திருந்தால் ‘ஃபோர்-பெட்ரூம் காட்டேஜஸ்’ என்று எழுத வேண்டும். கோடு இல்லாத பழைய வரி இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. படிக்கிறவர் தனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொள்வார், அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

எண்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் கவனம் இன்னும் வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். ஆக இங்கே காபிக்கு இருநூறு ஆண்டு வரலாறு: ‘எ டூ-ஹண்ட்ரட்-இயர் ஹிஸ்டரி’. எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கும் முதிய மரங்களைப் பற்றி எழுதும்போது ‘டூ-ஹண்ட்ரட்-இயர்-ஓல்ட் ட்ரீஸ்’ என்றால் இருநூறு வயது மரங்கள், எத்தனை என்று சொல்லவில்லை. ‘டூ ஹண்ட்ரட்-இயர்-ஓல்ட் ட்ரீஸ்’ என்றால் நூறு வயதுள்ள இரண்டு மரம். முதல் கோடு ஒன்று விடுபட்டதும் மரத்தின் வயதில் பாதி குறைந்துவிட்டது, எண்ணிக்கை இரண்டு என்று முடிவாகிவிட்டது.

ஆனால் கோடு போடுவது சரி என்பதாலேயே போட்டுக்கொண்டே போக வேண்டியதில்லை. ஏற்காடு மலைப்பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ‘எ ட்வென்டி-ஹேர்பின்-பெண்ட் ரோடு’ என்பது இலக்கணப்படி சரி, படிக்கத்தான் மூச்சு முட்டுகிறது. ‘எ ரோடு வித் ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ்’ என்று திருப்பிப் போட்டால் எளிதாகிவிடும். மூன்று கோடு நான்கு கோடு என்று நீளும்போது வாக்கியத்தையே மாற்றி எழுதுவது நல்லது என்பது என் கருத்து. வயதைச் சொல்வது போன்ற பழகிய வடிவங்களுக்கு இது பொருந்தாது, அவை எவ்வளவு நீண்டாலும் கண்ணுக்குப் பழகியவை.

எண் இல்லாத கூட்டுகளும் ஏராளம். பெயர்ச்சொல்லோடு வினையின் ஒரு வடிவம் சேர்ந்தால் ‘ஷேட்-க்ரோன் காஃபி’, அதாவது நிழலில் விளைந்த காபி. ‘லேக்-ஃபேசிங் ரூம்’ என்றால் ஏரியைப் பார்த்த அறை. பெயரடை சேர்ந்தால் ‘சுகர்-ஃப்ரீ’. இதில் ‘இங்’ என்று முடியும் வடிவம் வரும்போது கோடு விடுபட்டால், யார் யாரை என்ன செய்கிறார்கள் என்பதே தலைகீழாகிவிடும். ஏற்காட்டில் குரங்குத் தொல்லைக்காக நாய் வளர்ப்பவர்கள் உண்டு. அந்த நாயை ‘எ மங்கி-சேஸிங் டாக்’ என்று சொல்லலாம், குரங்கைத் துரத்தும் நாய். கோட்டை எடுத்துவிட்டு ‘எ மங்கி சேஸிங் டாக்’ என்று எழுதினால், நாயைத் துரத்துகிற குரங்கு ஒன்று கண்முன் வந்து நிற்கும்.

இடத்தைப் பொறுத்துக் கோடு மாறும் என்று மேலே சொன்னேன். ‘எ வெல்-நோன் டெம்பிள்’, ஆனால் ‘த டெம்பிள் இஸ் வெல் நோன்’. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்துவிட்டால் சொற்கள் தவறான இடத்தில் போய் ஒட்டும் ஆபத்து இல்லை, அதனால் கோடும் தேவையில்லை. சில சொற்கள் மட்டும் எங்கே நின்றாலும் கோட்டை விடுவதில்லை: ‘கைண்ட்-ஹார்ட்டட்’, ‘ஓல்ட்-ஃபேஷண்ட்’, ‘செல்ஃப்-எம்ப்ளாய்டு’. இவை அகராதியிலேயே கோட்டோடு பதிந்துவிட்டவை.

‘லி’ என்று முடியும் வினையடை முதலில் வந்தால் கோடு போடாதீர்கள். ‘ஃப்ரெஷ்லி ரோஸ்டட் காஃபி’. அந்த ‘லி’ என்ற விகுதியே ‘நான் அடுத்த சொல்லுக்குத்தான்’ என்று சொல்லிவிடுகிறது, கோட்டுக்கு வேலையில்லை. பலர் ஹைஃபனைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் இங்கும் போட்டுவிடுவார்கள். அதற்காக ‘லி’ என்ற ஒலியைக் கேட்டதும் பயப்படவும் வேண்டாம். ‘ஃபேமிலி’ பெயர்ச்சொல், வினையடை இல்லை. ஆகவே குடும்பமே நடத்தும் மெஸ்ஸை ‘எ ஃபேமிலி-ரன் மெஸ்’ என்று கோட்டோடுதான் எழுத வேண்டும். ‘எர்லி’ என்ற சொல் பெயரடையாகவும் வரும், அதனால் ‘ஆன் எர்லி-மார்னிங் பஸ்’. ‘வெரி’ என்பதற்கு அடுத்து எப்போதும் கோடு வராது.

பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களுக்குள்ளும் கோடு வேண்டாம். ‘எ சேலம் ஸ்டீல் ப்ளாண்ட் பஸ்’ என்பதில் அந்தப் பெரிய எழுத்துகளே மூன்று சொல்லையும் சேர்த்துக் காட்டிவிடுகின்றன.

பார்த்தால் அச்சுப் பிழை போலவே தோன்றும் ஒரு வடிவம் உண்டு. விடுதியில் இரண்டு படுக்கையறைக் காட்டேஜும் இருக்கிறது, மூன்று படுக்கையறைக் காட்டேஜும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘டூ- அண்ட் த்ரீ-பெட்ரூம் காட்டேஜஸ்’ என்று எழுதுவார்கள். ‘டூ’ என்பதற்கு அடுத்து ஒரு கோடு, அப்புறம் வெறும் இடைவெளி. அந்தக் கோடு இன்னும் வராத ‘பெட்ரூம்’ என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறது. தமிழில் ‘இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகள்’ என்று பொதுச் சொல்லை ஒரு முறை மட்டும் சொல்வது போலத்தான். டைப் செய்கிறவர் இதைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடுவார். ப்ரூஃபில் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

எல்லாக் கோடும் நிரந்தரமில்லை. ‘டுமாரோ’ என்ற சொல் ஒரு காலத்தில் ‘டு-மாரோ’ என்று நடுவில் கோட்டோடு அச்சானது. சொல் பழகப் பழகக் கோடு உதிர்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2007இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பில் ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை எடுத்துவிட்டார்கள். ‘ஐஸ்-க்ரீம்’ இரண்டு சொல்லாகப் பிரிந்தது, ‘பம்பிள்-பீ’ ஒரே சொல்லாகச் சேர்ந்தது. இவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று பொருளைக் காக்கும் கோட்டுக்கு இன்னும் வேலை போகவில்லை. ‘ஹை ஸ்கூல் ஸ்டூடண்ட்’ போல யாரும் தவறாகப் படிக்கவே முடியாத ஜோடிகளில் சில பதிப்பகங்கள் கோட்டை விட்டுவிடுகின்றன, சில விடுவதில்லை. இரண்டும் ஏற்கப்பட்டவைதான். சந்தேகம் வந்தால் நல்ல அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரே பிரவுச்சரில் ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதாமல் இருந்தால் சரி.

அளவுக் குறியீடுகளுக்குத் தனி வழக்கம். ஜவ்வரிசிப் பாக்கெட்டில் எடையைச் சொல்லால் எழுதினால் ‘எ ஃபைவ்-கிலோகிராம் பேக்’ என்று கோடு வரும். 5 என்ற எண்ணோடு கிலோகிராமின் இரண்டெழுத்துக் குறியீட்டைப் போட்டால் கோடு கிடையாது, நடுவில் ஒரு இடைவெளி மட்டும். சர்வதேச அளவு முறையின் எழுத்து விதி இதைத்தான் சொல்கிறது. லேபிள் அடிப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, டைப் செய்யும்போது. ஹைஃபனுக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் அது வாக்கியத்தை உடைக்கும் நீண்ட கோடான டேஷ் போலத் தெரியும், இரண்டு சொல்லைச் சேர்க்க வந்தது அவற்றைப் பிரித்துவிடும். கீபோர்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கோடே ஹைஃபன். வரி முடியும் இடத்தில் ‘டென்-’ மேல் வரியிலும் ‘ருப்பீ’ கீழ் வரியிலும் பிரிந்து விழுந்தால், வேர்டு மென்பொருளில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அதே கோட்டுப் பொத்தானைத் தட்டுங்கள். அப்படிப் போட்ட ஹைஃபன் வரி உடைந்தாலும் இரண்டு சொல்லையும் பிரிய விடாது.